பருப்பு வேகாத தண்ணீரும் 'மிதமான' காற்றும்

(திண்டுக்கல்லில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காற்று, தண்ணீர், மாசு பற்றி மக்களுக்குத் தெரியவேண்டிய தகவல் என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். தகவல் என்றவுடன் கருவியும் அட்டவணையும் கணினித் திரையும்தான் நம் கண்முன் வரும். நான் அடுப்படியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்கு மேற்கே, சமவெளியில். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் ஒருநாள் வீட்டில் பருப்பு வேகவில்லை. விறகு ஈரமோ என்று அம்மா மாற்றிப் பார்த்தார். பருப்பு பழசோ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார். இரண்டு நாள் இதே கதை. மூன்றாம் நாள், அரை மைல் தள்ளி இருந்த சொந்தக்காரர் தோட்டத்துக் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து, அதே பருப்பை, அதே சட்டியில், அதே அடுப்பில் போட்டார். குழைந்துவிட்டது. சாயங்காலம் அப்பா வந்ததும் சொன்னார்: "பருப்புல குத்தமில்லைங்க. நம்ம கெணத்துத் தண்ணிதான் மாறிப்போச்சு."

பிற்காலத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் வாத்தியாராக இருந்தேன். சோதனை என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் அந்தப் பருப்புச் சட்டியைத்தான் சொல்வேன். மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான் சோதனை. என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் எங்கள் ஊர் நிலத்தடி நீரைப் பற்றிய முதல் அறிக்கையைக் கொடுத்தவர் அவர்தான்.

தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் ஏறினால் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. உப்பு ஏறினால் நாக்குக்குக் கரிக்கும். அலுமினியக் குண்டானின் உள்ளே வெள்ளை வளையம் விழும். கிணற்றுப் படிகளில், தண்ணீர் இறங்கிய மட்டத்துக்கு மேலே, சாம்பல் பூத்த மாதிரி உப்புப் பூக்கும். தென்னை ஓலையின் நுனி தீய்ந்து வரும். நம் பக்கத்துப் பெண்கள் 'நல்ல தண்ணி' என்றும் 'உப்புத் தண்ணி' என்றும் இரண்டே சொல்லில் பிரித்துச் சொல்வதற்குப் பின்னால் இத்தனை கவனம் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். நம்முடையது பாறை நிலம். மழை குறைந்த ஊர். கிணற்றுத் தண்ணீர் கரிப்பதெல்லாம் ஆலைக் கழிவால்தான் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. பாறைக்குள் தண்ணீர் வெடிப்பு வழியாக ஓடுகிறது. அதனால் ஒரு கிணறு கெட்டிருக்கும், வரப்புக்கு அந்தப் பக்கம் உள்ள கிணறு நன்றாக இருக்கும். யாரால் கெட்டது, எவ்வளவு கெட்டது என்பது வாய்ச்சொல்லில் தீராது. அதற்காகத்தான் எண்ண வேண்டியிருக்கிறது, அளக்க வேண்டியிருக்கிறது.

திண்டுக்கல் என்றால் பூட்டு, புகையிலை, பிரியாணி என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். நாம் சொல்லும் பட்டியலில் தோல் ஷாப்பும், அதாவது தோல் பதனிடும் ஆலையும், உண்டு. பேகம்பூர் பக்கம் ஒரு தடவை போய்வந்தவர்களுக்கு அந்த வாடை மறக்காது. அங்கே உழைத்தவர்களின் வாழ்க்கையைத்தான், நம் ஊரிலேயே வழக்கறிஞராக வாழ்ந்த டி. செல்வராஜ் 'தோல்' என்ற நாவலாக எழுதினார். 2012-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்று கைகால் வெந்துபோனவர்களின் கதை அது. தோல் ஷாப்பின் முதல் மாசு மண்ணில் விழுவதற்கு முன்னால் மனிதர்களின் தோலில் விழுந்தது. சுற்றுச்சூழல் என்று பேசும்போது அந்தத் தொழிலாளியை விட்டுவிட்டு மரத்தையும் ஆற்றையும் மட்டும் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவித்தான் ஷாப்புக்கு வருகிறது. முதல் வேலை, ஊறவைத்து உப்பைக் கழுவுவது. அடுத்து, சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த குழியில் போட்டு முடியை நீக்குவது. அதற்குப் பிறகுதான் பதனிடுதல். முன்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். 1970-களில் ஏற்றுமதிக் கொள்கை மாறி, பாதி பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குக் கட்டுப்பாடு வந்ததும், குரோமியம் உப்பு போட்டுப் பதனிடுவது பெருகியது. ஆவாரம்பட்டை போய்க் குரோமியம் வந்ததுதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். குரோமியம் அபாயமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் கிணற்றைக் கெடுப்பதில் சாதாரணச் சமையல் உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. பட்டை போட்டாலும் குரோமியம் போட்டாலும், முதல் தொட்டியில் கழுவி விடுவது அந்த உப்பைத்தான். கழிவுநீரில் உள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. சவ்வு வைத்து வடிகட்ட வேண்டும், அல்லது காய்ச்சி உலர்த்த வேண்டும். இரண்டும் செலவு பிடிக்கிற வேலை. பாறை வெடிப்புக்குள் ஒருமுறை புகுந்த உப்பு, பல மழைக்காலம் கண்டாலும் முழுதாகப் போய்விடாது.

இனி, நம் ஊருக்கே பெரும்பாலும் தெரியாத ஒரு கணக்கைச் சொல்கிறேன்.

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தோல் ஷாப்புக் கழிவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் சட்டம் படித்தாலும் இந்த 'வேலூர் வழக்கை'ப் படிக்காமல் முடியாது. ஆபத்து முழுதாக நிரூபணம் ஆகட்டும் என்று காத்திராமல் முன்னெச்சரிக்கையாக நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது, கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்பது, தன் தொழிலால் கேடில்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துகிறவருக்கே உரியது என்பது, இவை மூன்றும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதிப்படுத்திய தீர்ப்பு அது. மூன்றாவது கொள்கையைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். அதுவரை, கிணறு கெட்டவன்தான் கெடுத்தவனைக் கண்டுபிடித்து, ஆய்வுக்கூடத்துக்குப் பணம் கட்டி, நிரூபிக்க வேண்டியிருந்தது.

வழக்குக்கு வேலூரின் பெயர். ஆனால் தீர்ப்பு தொட்டது ஐந்து மாவட்டங்களை. அன்றைய பெயரில் திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் அதில் ஒன்று. நீதிபதிகள் தீர்ப்பில் எடுத்துக்காட்டிய சான்றுகளில் நம் ஊர்க் கணக்கு ஒன்று இருக்கிறது. தன்னார்வ அமைப்பு ஒன்று திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களுக்குப் போயிருக்கிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளைப் பார்த்திருக்கிறது. அவற்றில் 350 கெட்டுப்போயிருந்தன. நான்கில் மூன்று. பெண்களும் பிள்ளைகளும் குடிதண்ணீருக்காக மைல்கணக்கில் நடக்கிறார்கள் என்றும் அதன் தொடர்ச்சியாகத் தீர்ப்பில் எழுதியிருக்கிறது.

467 கிணறு என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். அந்த வேலையைச் செய்தவர்களை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தோட்டமாகப் போக வேண்டும். காவல் நாய் குரைக்கும். "எதுக்குய்யா எங்க கெணத்தை எட்டிப் பாக்குறீங்க?" என்று கேட்பார்கள். கிணறு கெட்டது என்று எழுதினால் நிலத்தின் விலை விழுந்துவிடும் என்ற பயம் சம்சாரிக்கு. மகன் தோல் ஷாப்பில் வேலை பார்த்தால் அந்தப் பயம் இரண்டு மடங்கு. இத்தனையையும் பேசிச் சமாளித்து, எட்டிப் பார்த்து, குறித்து, கூட்டிப் போட்ட எண் அது. அதைத்தான் பொதுத் தகவல் என்று நான் சொல்வேன். அந்த எண் டெல்லி வரை போய்ச் சேர்ந்தது.

பரவலாகக் கிடைக்கும் தீர்ப்பு நகலில் ரெட்டியார்சத்திரம் 'பெட்டியார் சத்திரம்' என்று அச்சாகியிருக்கிறது. முதல் தடவை படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. எண் பிசகாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது, ஊர்ப்பெயர் வழியிலேயே தவறிவிட்டது. அந்தத் தீர்ப்பு தமிழில் ஒரு கைப்பிரதியாக, அந்த 13 கிராமத்து டீக்கடைகளில், ரேஷன் கடைகளில் கிடைத்திருக்க வேண்டும். கிணற்றைக் காட்டிய சம்சாரிக்கு, தன் கிணறு நாட்டின் சட்டத்தையே மாற்றியது என்று தெரிந்திருக்க வேண்டும். என் அனுபவத்தில் அதை அறிந்த ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை.

தகவல் மக்களிடம் போய்ச் சேர வேண்டும் என்பதும் நீதிமன்றம் சொன்னதுதான். 1991 நவம்பர் 22-இல், எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடர்ந்த வழக்கில், ஒவ்வொரு சினிமாக் காட்சியிலும் சுற்றுச்சூழல் பற்றிக் குறைந்தது இரண்டு சிலைடு இலவசமாகப் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. டூரிங் டாக்கீஸும் அதில் அடக்கம். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாள்தோறும் சில நிமிடங்கள், பள்ளிக்கூடங்களில் கட்டாயப் பாடம் என்றும் சொன்னது. டூரிங் டாக்கீஸையும் அந்த உத்தரவில் சேர்த்திருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். மணல் குவித்து உட்கார்ந்து படம் பார்க்கிறவனுக்கும் இது தெரிய வேண்டும் என்று நீதிபதிகள் நினைத்திருக்கிறார்கள்.

இப்போது காற்றுக்கு வருகிறேன். கெட்ட தண்ணீரை நாக்கு காட்டிக்கொடுத்துவிடும், பருப்பு காட்டிக்கொடுத்துவிடும். காற்று அப்படியில்லை. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு இருக்கிற நுண்துகள் நுரையீரலின் கடைசி அறை வரை போய், ரத்தத்திலும் கலக்கிறது. அதற்கு ருசியும் இல்லை, பெரும்பாலும் மணமும் இல்லை. அங்கே கருவி இல்லாமல் முடியாது. நம் ஊரில் மெண்டோன்சா காலனியில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கி அளவீட்டு நிலையம் இருக்கிறது. மத்திய வாரியத்தின் தினசரிப் பட்டியலில் திண்டுக்கல் என்ற பெயருக்கு எதிரே வரும் எண் அங்கிருந்து போவதுதான். 'சமீர்' என்ற கைபேசிச் செயலியிலும் பார்க்கலாம். இந்த அரங்கில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள், கை தூக்குங்கள் பார்ப்போம்... நான்கு பேர். நன்றி.

பார்த்தாலும் புரிகிறதா என்பது அடுத்த கேள்வி. காற்றுத் தரக் குறியீடு என்ற இந்த எண்ணை 2015 ஏப்ரலில் நாட்டுக்கு அறிமுகம் செய்தார்கள். எட்டு மாசுகளுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, அதில் எது மிக மோசமோ அதையே ஊரின் எண்ணாகச் சொல்வார்கள். சராசரி எடுப்பதில்லை, அது நல்ல முறை. ஏழு பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கி எட்டாவதில் தவறினாலும் தவறியதுதான். 50 வரை ஒரு படி, 100 வரை ஒரு படி, 200, 300, 400, 500 என்று ஆறு படிகள். ஒவ்வொரு படிக்கும் ஆங்கிலத்தில் ஒரு பெயர், தமிழில் செய்தி போடுகிறவர்கள் அதற்கு ஒரு தமிழ்ச்சொல்.

101 முதல் 200 வரைக்குத் தமிழில் 'மிதமானது' என்று எழுதுகிறார்கள். இந்தச் சொல்லோடுதான் எனக்கு வழக்கு. தமிழில் மிதம் என்றால் என்ன? மிதமான சூடு என்றால் குழந்தையைக் குளிப்பாட்டலாம். மிதமாகச் சாப்பிடு என்றால் உடம்புக்கு நல்லது. மிதம் என்ற சொல் நம் காதில் ஆறுதலாக விழுகிறது. ஆனால் அந்தப் படிக்கு வாரியமே கொடுத்திருக்கும் விளக்கம் என்ன தெரியுமா? நுரையீரல் நோய், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களுக்கு மூச்சுவிடச் சிரமம் ஏற்படும் என்பது. இளைப்பு உள்ள பாட்டி "இன்னிக்குக் காத்து மிதமா இருக்காம்" என்று செய்தியில் கேட்டுவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்தால் அதற்கு யார் பொறுப்பு? 'இளைப்புக்காரர்களுக்கு ஆகாது' என்று எழுதினால் போதும். ஆகாது என்ற ஒரு சொல்லை எந்தப் பாட்டியும் புரிந்துகொள்வார். அதற்கு மேல் உள்ள படிகளுக்கும் இப்படியே, யாருக்கு என்ன ஆகும் என்று சொல்லலாம்.

'நன்று' என்ற முதல் படியிலும் ஒரு கவனம் வேண்டும். நுண்துகள் ஒரு கன மீட்டரில் 30 மைக்ரோகிராம் இருக்கும் வரை அது 'நன்று'. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் 24 மணி நேரத்துக்குச் சொன்ன அளவு 15. நம் நாட்டுத் தரம் 60. எந்த அளவுகோல் என்று சொல்லாமல் வரும் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள், பிள்ளைகளே.

எண்ணுக்குள் வராதவையும் உண்டு. தோல் ஷாப்புப் பக்கம் அழுகின முட்டை மாதிரி வீசுகிறதே, அது ஹைட்ரஜன் சல்பைடு. சுண்ணாம்புக் குழியின் சல்பைடில் அமிலம் பட்டால் கிளம்புவது. அந்த எட்டுப் பெயர்களில் இது இல்லை. குறியீடு 60 என்று காட்டும் காலையிலும் ஒரு தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கலாம். இந்த வாயுவை மிகமிகக் குறைந்த அளவிலேயே நம் மூக்கு பிடித்துவிடும். ஆனால் அளவு மிகுந்தால் மூக்கு மரத்துப்போய், வாடையே இல்லை என்று தோன்றும். கழிவுத் தொட்டியில் இறங்குகிறவர்கள் மயங்கி விழுந்து சாவதற்கு இதுவும் ஒரு காரணம். வாடை நின்றுவிட்டது என்று நினைத்து யாரும் தொட்டிக்குள் கால் வைக்காதீர்கள். உள்ளே விழுந்தவரைக் காப்பாற்றக்கூட வெறும் மூக்கோடு இறங்காதீர்கள்.

வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகள். அங்கே வேலை பார்க்கும் பெண்பிள்ளைகள் பஞ்சுத் தூசியை மூச்சாக இழுக்கிறார்கள். வார விடுமுறை முடிந்து முதல் நாள் வேலைக்குப் போகும்போது நெஞ்சை இறுக்கிப் பிடித்தால், அது பஞ்சுத் தூசி நோயின் பழைய அடையாளம். மெண்டோன்சா காலனிக் கருவிக்கு ஆலைக்குள் நடப்பது தெரியாது. கல் குவாரியும் கிரஷரும் இருக்கிற ஊர், நான்குவழிச் சாலையோர ஊர், குப்பை எரிகிற தெரு, மார்கழி விடியலில் பனியோடு புகையும் தரையில் படிந்து கிடக்கும் பள்ளம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு காய்ச்சல்மானி இது. அதைக் குறை சொல்லவில்லை. அதோடு நிறுத்திவிடக் கூடாது என்கிறேன். 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடிதான் இருக்கின்றன. திண்டுக்கல் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலுக்கு வெளியே உள்ள ஊரை ஊர்க்காரர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எண்ணை வெளியிடுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பார்கள். 2008-இல் பெய்ஜிங்கில் இருந்த அமெரிக்கத் தூதரகம் தன் கட்டடத்தின் மேல் ஒரு கருவியை வைத்து, மணிக்கு ஒருமுறை நுண்துகள் அளவை ட்விட்டரில் போட ஆரம்பித்தது. வானம் சாம்பலாக இருப்பதைப் பனி என்று கேட்டுப் பழகிய மக்கள் எண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். 2013 ஜனவரியில் சீன அரசே 74 நகரங்களின் எண்ணை உடனுக்குடன் வெளியிடத் தொடங்கியது. அதன் பிறகுதான் அங்கே கெடு வைத்துக் காற்றைச் சுத்தம் செய்தார்கள்.

நமக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றால் மனு எழுதிப் பத்து ரூபாய் கட்டுவது மட்டும்தான் என்று நினைக்கிறோம். அதன் 4-ஆம் பிரிவைப் படியுங்கள். நாம் கேட்காமலே அலுவலகங்கள் தகவலைத் தர வேண்டும்; அந்தப் பகுதி மக்களின் மொழியையும் அவர்களுக்கு எளிதில் போய்ச்சேரும் வழியையும் கருத்தில் கொண்டு தர வேண்டும் என்று இருக்கிறது. அறிவிப்புப் பலகையும் ஊடக ஒலிபரப்பும் அதில் சொல்லப்பட்ட வழிகள். ஆகவே பேருந்து நிலையத்தில் ஒரு பலகை கேட்பது சலுகை கேட்பதாகாது. கோடைப் பண்பலை வானொலியில் காலையில் காய்கறி விலை சொல்கிற மாதிரி அன்றைய காற்றின் எண்ணையும் சொல்லக் கேட்கலாம். தொழிற்சாலை வருவதற்கு முன் நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழிலும் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. சுருக்கத்தை வாங்கிப் படித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போங்கள். போகாதவர்களின் கருத்து எந்தப் பதிவிலும் ஏறாது.

கடைசியாக ஒரு வேலை. அந்த 467 கிணறுகளை மறுபடியும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்தத் தீர்ப்பு வந்து ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆகிறது. எத்தனை கிணறு தேறியது, எத்தனை தூர்ந்தது, எத்தனையில் இன்னும் கரிக்கிறது என்று நம் கையில் ஒரு கணக்கு வேண்டும். கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் பேனா மாதிரிக் கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது. குடிநீருக்கு லிட்டரில் 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரம். பெரிய ஆய்வை ஆய்வுக்கூடம் செய்யட்டும், எந்தக் கிணற்றை அங்கே அனுப்ப வேண்டும் என்று இந்தப் பேனா சொல்லிவிடும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இதே இடத்தில் இருப்பேன். உங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவாருங்கள். குளிர்பானப் பாட்டில் போதும், ஆனால் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். எடுக்கப்போகும் தண்ணீராலேயே மூன்று முறை அலசிவிட்டு, கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். ஒரு தாளில் ஊர்ப்பெயர், கிணற்றுக்காரர் எந்தத் தோட்டம் என்று சொல்வாரோ அந்தத் தோட்டத்தின் பெயர், எடுத்த தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் சமைப்பவரிடம் மறக்காமல் கேட்டு, கீழே இன்னொரு வரி எழுதுங்கள்: பருப்பு வேகிறதா, இல்லையா.